கால் ஊன்றாமல் ஓர் எட்டு

முதல் தடவை நான் எட்டுப் போட்டபோது பாதி எட்டைக்கூடத் தாண்டவில்லை. வளைவில் ஸ்கூட்டர் லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். என் இடது கால் என்னைக் கேட்காமலேயே தரையில் போய் நின்றது. கால் மட்டும் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு நான் நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டிருந்தேன். ஆளில்லாத வண்டி இன்னும் கொஞ்சம் ஓடி, சுண்ணாம்புக் கோட்டின் மேல் சாவகாசமாகப் படுத்துக்கொண்டது.

தரையில் பெரிதாக ஓர் எட்டு வரைந்திருப்பார்கள். அந்தக் கோட்டோடு, காலை எங்கேயும் ஊன்றாமல் வண்டியை ஓட்டிக் காட்டினால் லைசென்ஸ். ஊன்றிவிட்டால் இன்னொரு நாள் வர வேண்டும். இதில் என்ன பெரிய வித்தை இருக்கப்போகிறது என்றுதான் நானும் போயிருந்தேன். எனக்கு முன்னால் காலேஜ் பையன்கள் ஒரு கையால் தலைமுடியைக் கோதிக்கொண்டே போட்டுவிட்டுப் போனார்கள்.

பிரேக் இன்ஸ்பெக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துகூட நிற்கவில்லை. வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லும் அதிகாரியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டி கடிச்சிருச்சா?"

வேப்ப மரத்தடியில் காத்துக்கிடந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை விட்டுவிட்டேன். இவர் சிரித்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டியை நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு வந்த மனுஷனிடம் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தேன். அவர் என் பின்னாலேயே வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"பசிச்சாத்தான் ஒனக்கு இம்புட்டுக் கோவம் வரும். வா, பரோட்டா தின்னுட்டுப் போவோம்" என்றார்.

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் மேல் யாரும் ரொம்ப நேரம் கோபமாக இருக்க முடியாது. மொறுமொறுவென்று உடைத்துப் போட்டு, சால்னாவை ஊற்றி ஊறவைத்து, ரெண்டு வாய் சாப்பிட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் காத்திருக்கும் மகளுக்கு ஒரு பார்சல் வாங்கிக்கொண்டோம். அதுதான் நாங்கள் செய்த முதல் தப்பு.

அப்போது நான் சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் திரி வைக்கிற ரூமில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே அந்த வேலைதான். என் வீட்டுக்காரர் காலண்டர் அடிக்கிற ஒரு பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் நின்றார். மகள் அஞ்சாம் வகுப்பு. காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நிற்கும். நான் தூக்குவாளியோடு ஏறிப் போவேன், பொழுது சாய வந்து இறங்குவேன். எங்கள் தெருவில் பாதிப் பெண்களின் பிழைப்பு அதுதான்.

என் மகளுக்கு மட்டும் அது ஒத்துக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னால், அவள் வகுப்பில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கேயாவது ஒரு கம்பெனியில் வெடித்தால் சத்தம் ஊர் முழுக்கக் கேட்கும். கேட்டதும் பள்ளிக்கூடத்தில் பாடம் நின்றுவிடும். அம்மாவோ அப்பாவோ கம்பெனிக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் எழுந்து போய் இரும்புக் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வாத்தியார்கள் அதட்ட மாட்டார்கள். எந்தப் பக்கம், எந்தக் கம்பெனி என்று சேதி வரும்வரை அந்தப் பிள்ளைகளிடம் பேசவும் முடியாது. சேதி வந்ததும் பாதிப் பேர் உள்ளே போவார்கள். மீதிப் பேர் வேன் வரும்வரை நிற்பார்கள். எங்கள் தெருவில் அப்போது செல்போன் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். போன் போட்டுக் கேட்கிற காலம் இன்னும் வரவில்லை.

ஒருநாள் அப்படி நின்ற மகளை நான்தான் கேட்டிலிருந்து பிரித்துக் கூட்டிவந்தேன். துருவின் நிறம் அவள் உள்ளங்கையில் கோடாக ஒட்டியிருந்தது. வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று கேட்டாள்.

"எம்மா, நீங்க அந்த ரூமுக்குப் போகாம இருக்கணும்னா என்ன செய்யணும்?"

கொஞ்ச நாளில் அதற்குப் பதில் தானாக வந்தது. எங்கள் தெரு மகளிர் குழுவை நான்தான் கவனித்துவந்தேன். கூட்டத்தில் எவளாவது வீண் வம்பு பேசினால் முதலில் எகிறுவது நான்தான் என்பதாலோ என்னவோ, குழுக்களை நடத்திய தொண்டு நிறுவனத்தின் மேடத்துக்கு என்னைப் பிடித்துப்போனது. ஆமத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் குழுக்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஊர்களுக்கு பஸ் வருவதும் போவதும் அதன் இஷ்டம். அதனால் சொந்தமாக வண்டி ஓட்டத் தெரிய வேண்டும், லைசென்ஸ் கட்டாயம் வேண்டும் என்றார்கள்.

"பள்ளிக்கூடம் தொறக்குறவரைக்கும் ஒங்களுக்காக எடத்த வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார் மேடம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். லைசென்ஸ் எடுத்தால் அந்த ரூமுக்குப் போக வேண்டியதில்லை. அவ்வளவுதான் சொன்னேன். அவள் அதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொண்டாள். பாஸா பெயிலா என்று கேட்பதற்காக, டெஸ்ட் அன்று வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாங்களோ பரோட்டாப் பார்சலோடு போய் இறங்கினோம். "பாஸா?" என்றாள். "அடுத்த தடவை" என்றேன். அவள் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டாள்.

இரண்டாம் தடவை மாசியில். இந்த முறை கோபத்தோடே போனேன். கோபம் இருந்தால் பயம் தெரியாது என்பது என் கணக்கு. எட்டின் மேல் வட்டத்தைச் சுற்றி நடுவுக்கு வந்துவிட்டேன். இன்ஸ்பெக்டர்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார். அங்கே என்ஜின் ஒரு உறுமல் உறுமியது. நான் மறுபடியும் தரையில் நின்றுகொண்டிருந்தேன், கையில் ஒன்றும் இல்லாமல்.

"நீ வந்துட்டியாம்மா" என்றார் இன்ஸ்பெக்டர், வண்டி இன்னும் வரவில்லை என்கிற மாதிரி.

அன்றும் பரோட்டா. அன்றும் பார்சல். வாசல்படியில் உட்கார்ந்திருந்த மகள் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. பார்சலைப் பார்த்தாள், எழுந்து உள்ளே போய்விட்டாள். பரோட்டா என்றால் உயிரை விடுகிற பிள்ளை அன்று பழைய சோற்றைப் போட்டுச் சாப்பிட்டது. அந்தப் பார்சலை நானும் தொடவில்லை.

ரூமில் எனக்கு எதிரே உட்கார்ந்து திரி வைக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். என்னைவிட நாலஞ்சு வயது மூத்தவள், எங்கள் தெருதான். அவள் மகனும் என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். நான் பெயிலான கதையைச் சொல்லச் சொல்லி, சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள்.

"பேசாம அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலுக்குத் தீச்சட்டி எடுக்கிறேன்னு நேந்துக்கடி. ஆத்தா பாத்துக்குவா."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "நெருப்ப விட்டு வெளிய போறதுக்கு நெருப்பையே கையில தூக்குறியாக்கும்" என்றார். அவர் வாய் சும்மா இருக்காது. ஆனாலும் நேர்ந்துகொண்டேன்.

ஞாயிறுகளில் கம்பெனி கிடையாது. சாயங்காலம் மூன்று பேருமாக ஆமத்தூர் போகிற வழியில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குப் போவோம். அவர் குச்சியால் ஓர் எட்டுக் கீறுவார். நான் ஓட்டுவேன். நேராக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டுவேன். சாத்தூர் வரைக்கும்கூட ஓட்டிப் போயிருப்பேன், திரும்பச் சொல்லாமல் இருந்தால். வளைவு என்று வந்ததும் கால் போய்விடும். எட்டின் மேலேயே எனக்கு வெறுப்பாகிவிட்டது. மகளின் கணக்கு நோட்டில் எட்டைப் பார்த்தால்கூட எரிச்சல் வந்தது. அந்த மனுஷன் சளைக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் புதிதாகக் கீறினார்.

அவர்தான் ஒருநாள் அதைக் கண்டுபிடித்தார். கண்மாய்க் கரையில் குத்தவைத்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னை நிறுத்தச் சொன்னார்.

"ஏ புள்ள, நீ விழுந்துருவோம்னு கால ஊனலியே. ஓடுறதுக்குல்ல ஊனுற."

நான் முறைத்தேன். அவர் விடவில்லை. விழப்போகிறவர்கள் வண்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் காலை ஊன்றுவார்கள், நான் வண்டியை விட்டுவிட்டு ஊன்றுகிறேன் என்றார். சொல்லிவிட்டு, "ஒங்க கம்பெனில என்னதான் சொல்லிக் குடுத்திருக்காக?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை. அவர் பிரஸ்ஸைப் பற்றிப் பேசுவோம், குழுவைப் பற்றிப் பேசுவோம், ரூமைப் பற்றி மட்டும் வீட்டில் பேச மாட்டோம். மகள் கேட்டுக்கொண்டிருப்பாள். அன்று அவள் தூரத்தில் கருவேலங்காய் பொறுக்கிக்கொண்டிருந்ததால் சொன்னேன்.

எங்கள் ரூமில் நாலு பேர்தான் இருக்கலாம். நாலு பக்கமும் வாசல் இருக்கும், கதவெல்லாம் திறந்தே கிடக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எதையும் இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, கீழே போடக் கூடாது. அதையெல்லாம் தாண்டி ஒன்று உண்டு. சேர்ந்த அன்றைக்கே போர்மேன் அதைச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட்டார். எங்கேயாவது 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டால், எதுவும் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்தால், கையில் இருப்பதை விட்டுவிட்டு ஓடு. என்ன ஏது என்று பார்க்காதே. காப்பாற்ற நினைக்காதே. செருப்பைத் தேடாதே. கையை வீசிக்கொண்டு, பக்கத்து வாசல் வழியாக ஓடு. எதிரே இருக்கிறவள் ஓடுகிறாளா என்றுகூடப் பார்க்காதே, அவள் அவள் வாசல் வழியாக ஓடுவாள்.

அந்தப் பயிற்சிதான் என் காலுக்கு. உட்காரும்போதே ஒரு காலை மடக்கி, ஒரு காலை வாசலுக்கு நேராக வைத்துத்தான் உட்காருவேன். எல்லாருமே அப்படித்தான். நான் வீட்டில் சாப்பிட உட்காருவதும் அப்படித்தான் என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

அவர் எதுவும் பகடி பண்ணவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அப்ப அந்தக் கால ஒன்னும் சொல்லாத புள்ள. இம்புட்டு வருசமா அதுதான் ஒன்ன வீட்டுக்குக் கொண்டாந்து சேத்திருக்கு" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பட்டப்பகலில் கண்மாய்க்குள் நின்றுகொண்டு அதெல்லாம் செய்ய முடியுமா?

காரணம் தெரிந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. வெறுங்கால்தான் சட்டென்று தரைக்குப் போகிறது என்று சொல்லி, அவர் தன்னுடைய ஷூவை எனக்கு மாட்டி, முன்னால் துணியை அடைத்து, அடுத்த டெஸ்டுக்குக் கூட்டிப் போனார். சேலைக்குக் கீழே ஆம்பளை ஷூவோடு நான் வண்டியில் ஏறியதைப் பார்த்து மரத்தடிக் கூட்டம் மூச்சே விடவில்லை. கால் ஷூவோடு சேர்ந்து தரைக்குப் போனது. ஒரு ஷூ மட்டும் வளைவிலேயே கிடந்தது. அதை எடுத்துக் கொடுத்தது இன்ஸ்பெக்டர்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அவசரமில்லம்மா, மெதுவா கத்துக்கிட்டு வாங்க" என்றார். அவருக்கு அவசரமில்லை. எனக்கு இருந்தது.

தீச்சட்டி எடுத்தேன். அம்மன் கோவில் கூட்டத்தில் கை சுடச் சுட நடந்தபோது ஒரு தடவைகூடச் சட்டியை விடத் தோன்றவில்லை. அது எப்படி என்று அப்போது யோசிக்கவில்லை. அதற்குப் பின்னால் போன டெஸ்டிலும் பெயில். அம்மனிடம் சண்டை போட்டேன். அவளிடம் போடாமல் வேறு யாரிடம் போடுவது? அன்று பரோட்டாக் கடைப் பக்கமே நாங்கள் போகவில்லை. வெறுங்கையோடு வீட்டுக்குப் போனோம். பார்சல் இல்லாததைப் பார்த்து மகள் துள்ளி எழுந்தாள். அந்த முகத்தை நான் என்னவென்று சொல்வது? "இல்லத்தா" என்று சொல்வதற்குள் அவளே புரிந்துகொண்டாள். பரோட்டா வாங்கி வந்திருந்தால் அவளுக்கு அந்த ஏமாற்றமாவது இருந்திருக்காது என்று நாங்கள் ரெண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம்.

அதற்குள் கோடை நெருக்கிவிட்டது. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் இன்னும் ஒரு டெஸ்டுக்குத்தான் வாய்ப்பு. அந்த வாரம் அக்கா ரூமில் என்னைச் சிரிக்கவைக்கவில்லை. "கெடைக்காட்டி போகுதுடி. நாங்கள்லாம் இங்கன இல்லியா?" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

டெஸ்டுக்கு முந்தின ஞாயிறு கண்மாய்க்குப் போனபோது, மகள் தானும் பின்னால் ஏறுவேன் என்று அடம்பிடித்தாள். அவள் அப்பா வேண்டாம் என்றார். நானும் வேண்டாம் என்றேன். அவள் எங்கள் ரெண்டு பேரையும் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாமல் ஏறி உட்கார்ந்து, என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிடிவாதத்தில் அவள் என் மகள்தான். "நேரா மட்டும் ஓட்டு" என்றார் அவர். நான் கரையை ஒட்டி நேராகப் போய், திரும்பி வரும்போது, எட்டின் அருகில் வேகத்தைக் குறைத்தேன்.

அப்போது வெடித்தது. தரை அதிர்ந்தது. கரை மரத்திலிருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்தது.

ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கம்பெனியும் கிடையாது. கல்குவாரியில் வேட்டு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் அறிவுக்குத் தெரியும். காலுக்கு ஞாயிறு திங்கள் ஏது? என் இடது கால் வண்டியின் கால்பலகையிலிருந்து எழுந்துவிட்டது. கைகள் கழன்றுகொள்ளப் பார்த்தன. அதே நேரத்தில் என் வயிற்றைச் சுற்றியிருந்த ரெண்டு சின்னக் கைகளும் இறுகின. அவள் முகத்தை என் முதுகில் புதைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடக் கேட்டின் கம்பியை அவள் எப்படிப் பிடித்திருப்பாள் என்று அன்றுதான் எனக்கு என் வயிற்றில் தெரிந்தது.

கையில் இருப்பதை விட்டுவிட்டு ஓடலாம். முதுகில் இருப்பதை விட்டுவிட்டு எங்கே ஓடுவது? எழுந்த கால் பலகைக்கே திரும்பியது. நான் கைப்பிடியை இறுக்கினேன். "கெட்டியாப் பிடிச்சுக்கத்தா, கெட்டியாப் பிடிச்சுக்க" என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். வண்டி எட்டுக்குள் இறங்கி, சாய்ந்து, சுற்றி, மறுபக்கம் சாய்ந்து, சுற்றி வந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. திரும்பவும் சுற்றினேன். திரும்பவும். அவர் "போதும் புள்ள, போதும்" என்று கத்திக்கொண்டே கூட ஓடிவந்து வண்டியைப் பிடித்தார். நான் இறங்கி மணலில் உட்கார்ந்தேன். மகள் என் மடியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, எட்டின் மேல் பதிந்திருந்த டயர் தடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டெஸ்ட் அன்று பின்சீட்டில் யாரும் இல்லை. யாரையும் ஏற்றக் கூடாது. வண்டியைக் கிளப்பும்போது இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பிறகு "கெட்டியாப் பிடிச்சுக்கத்தா" என்றேன். மரத்தடியில் பழைய ஆட்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். இந்தத் தடவை எதைக் கழற்றப்போகிறேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓட்டி முடித்து, இன்ஸ்பெக்டரின் நாற்காலிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன். அவர் என்னையும் பின்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யார்ட்டம்மா பேசிக்கிட்டே வந்தீங்க?"

"எம் மககிட்டங்கய்யா."

"மக எங்க?"

"வீட்டுல, வாசப்படில இருக்கா."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "போய்ச் சொல்லுங்க" என்றார்.

அன்று பரோட்டா வாங்கினோம். ஒன்றல்ல, கை நிறைய வாங்கினோம். பார்சலைப் பார்த்ததும் மகளின் முகம் விழுந்தது. அவள் அப்பா பொறுக்க மாட்டாமல் தெருவிலிருந்தே "பாஸுலே, பாஸு" என்று கத்தினார். அவள் நம்பவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்து, "நெசமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நம்பினாள்.

கம்பெனியில் கடைசி நாளன்று நாலு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அக்கா என் காலைக் காட்டி, "இனிமேலாவது சம்மணம் போட்டு உக்காருடி" என்றாள். முயன்று பார்த்தேன். சரியாக வரவில்லை.

தீபாவளி சீசன் உச்சத்துக்கு வந்த சமயம். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் குழுக் கூட்டத்தில் இருந்தேன். சத்தம் கேட்டது. இது குவாரி இல்லை என்று கேட்ட எல்லாருக்கும் தெரிந்தது. பெண்கள் எழுந்து ரோட்டுக்கு ஓடினார்கள். தெற்கே புகை தெரிந்தது. என் பழைய கம்பெனி இருக்கிற பக்கம். நான் வண்டியை எடுத்தேன். போனது கம்பெனிக்கு அல்ல, பள்ளிக்கூடத்துக்கு. மகள் கேட்டில் நிற்பாளே என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

கேட்டில் வரிசையாகப் பிள்ளைகள் நின்றார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அவள் இல்லை. அக்காவின் மகன் இருந்தான். வாத்தியார் வந்து கேட்டைத் திறந்தார்.

"ஒங்க மக எந்திரிக்கவே இல்லம்மா. எல்லாப் பிள்ளைகளும் வெளிய ஓடுச்சு. 'எங்கம்மா வண்டில இருக்காங்க சார்'னு சொல்லிட்டு எழுதிக்கிட்டே இருக்கா."

சன்னல் வழியாகப் பார்த்தேன். காலி பெஞ்சுகளுக்கு நடுவில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தவள், எதற்கு வந்தீர்கள் என்பது போலப் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு மறுபடியும் எழுதத் தொடங்கினாள். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் திரும்பினால் கேட்டில் அந்தப் பிள்ளைகள் நின்றார்கள். முழுதாகச் சந்தோஷப்பட முடியவில்லை. வாசலுக்குப் போய் அவர்களோடு நின்றுகொண்டேன். அக்காவின் மகன் கம்பியை விடவில்லை. அவன் கையின் மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

நெடுநேரம் கழித்து ரோட்டில் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். வேனுக்குக் காத்திராமல் கிடைத்த லாரியில் ஏறி, முக்கில் இறங்கி, நடந்து வந்திருக்கிறார்கள். வெடித்தது எங்கள் ரூமிலிருந்து நாலு ரூம் தள்ளி. ரூம் தரைமட்டம். உள்ளே இருந்த நாலு பேரும் நாலு வாசல் வழியாக ஓடிவிட்டார்கள். முழங்கை முழங்கால் சிராய்ப்போடு சரி. பக்கத்து ரூம்களும் அப்படித்தான் தப்பித்தன. கையில் இருந்ததை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள். வந்த எல்லாரும் வெறுங்காலோடு வந்தார்கள். செருப்பெல்லாம் அங்கேயே கிடந்தது.

கூட்டத்திலிருந்து அக்கா ஓடிவந்து தன் மகனைக் கட்டிப்பிடித்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவள் கையெல்லாம் வெடிமருந்து மினுங்கியது. உச்சி வெயில், தார் ரோடு கொதித்தது. அவள் கால் மாற்றிக் கால் ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"ஏறுங்கக்கா" என்றேன்.

மகனை முன்னால் நிற்கவைத்துக்கொண்டேன். அவள் பின்னால் ஏறி என் இடுப்பைப் பிடித்தாள். மெதுவாகத்தான் ஓட்டினேன். எங்கள் தெருமுனையில் வண்டி வளைந்து லேசாகச் சாய்ந்தது. அவள் கை என் இடுப்பிலிருந்து கழன்றது. பின்னால் வெறுங்கால் ஒன்று தரையைத் தேடி இறங்குவது எனக்குத் தெரிந்தது. அது என் கால்தான். எனக்குத் தெரியாதா அந்தக் கால்?

"கால ஊனாதீகக்கா" என்றேன். "கெட்டியா என்னப் பிடிச்சுக்கங்க. வீடு வந்துருச்சு."